கூட்டலா, பெருக்கலா?

அன்புள்ள ஐயா,

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எண்ணெயில் குளிர்வித்தால், சாதாரண கார்பன் எஃகான ஈஎன்8-இன் தடித்த கம்பியில் நடுப்பகுதி மென்மையாகவே நின்றுவிடுகிறது. நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த ஈஎன்24 எஃகு உள்ளே வரை கடினமாகிறது. குளிரும்போது எஃகு மென்மையான அமைப்புக்கு மாறும் உருமாற்றத்தை ஒவ்வொரு தனிமமும் எத்தனை மடங்கு தாமதப்படுத்தும் என்று பார்த்து, எல்லாவற்றையும் கூட்டினேன். ஈஎன்24-க்கு விடை மிகக் குறைவாக வருகிறது. எங்கே தவறு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கூட்டியதுதான் தவறு.

காலை நேரத்து சென்ட்ரல் மின்சார ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். சுண்டல் விற்கும் பையன் நிற்கிறவர்களுக்கிடையே நெளிந்து போய்விடுவான். கார்பன் அப்படித்தான், இரும்பு அணுக்களின் இடுக்குகளில் ஓடும். குரோமியமும் மாலிப்டினமும் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர்கள். பக்கத்து இடம் காலியானால்தான் நகர முடியும். சூடான எஃகின் அமைப்பான ஆஸ்டெனைட்டைத் தின்றுகொண்டு, மென்மையான ஃபெரைட் முன்னேறும் எல்லையில் இவை ஒட்டிக்கொண்டு பின்னுக்கு இழுக்கின்றன. தாமதத்துக்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று.

கடினமாகும் ஆழத்துக்குத் தனிமங்களின் காரணிகளைப் பெருக்க வேண்டும் என்று உலோகவியலாளர் கிராஸ்மன் 1942-லேயே காட்டிவிட்டார். 1998-இல் லி குழுவினர் வெளியிட்ட மாதிரியில் கலவை முழுவதும் அடுக்குக்குறியில் உட்கார்ந்திருக்கிறது; அடுக்கில் கூட்டினால் நேரம் பெருகும். அதில் ஃபெரைட்டுக்கான குணகம் குரோமியத்துக்கு 2.7, மாலிப்டினத்துக்கு 4.06. மற்றவை மாறாதிருந்தால் 1.2% குரோமியம் நேரத்தைச் சுமார் 25 மடங்காக்கும், 0.25% மாலிப்டினம் 2.8 மடங்காக்கும். உங்கள் கணக்கில் 28 வந்திருக்கும். வரவேண்டியது 70.

உங்களைக் குழப்பியது, வேகமாகக் குளிரும்போது உண்டாகும் கடினமான அமைப்பான மார்ட்டென்சைட்டின் சூத்திரமாக இருக்கலாம். ஆண்ட்ரூஸ் 1965-இல் தந்த அந்தச் சூத்திரத்தில் 539-லிருந்து ஒவ்வொரு தனிமத்துக்கும் கழித்துக்கொண்டே போகலாம். ஈஎன்24-க்கு ஏறத்தாழ 310 டிகிரி செல்சியஸ் வரும். அங்கே எந்த அணுவும் இடம்பெயர்ந்து அலைவதில்லை. கேட்கப்படுவது தொடங்கும் வெப்பநிலை மட்டுமே, நேரம் அல்ல.

போரானை மட்டும் இந்தப் பெருக்கலில் சேர்க்காதீர்கள். 0.002% அளவிலேயே எஃகின் படிக மணிகளுக்கிடையே உள்ள எல்லைகளில் குடியேறி ஃபெரைட் முளைப்பதைத் தடுத்துவிடும். மேலும் சேர்த்தால் கூடுதல் பயன் இல்லை. கோபால்ட்டோ நேர்மாறு, உருமாற்றத்தை விரைவுபடுத்தும்.

இன்னொன்று. ஈஎன்24 என்ற பெயருக்குள் குரோமியம் 1.0 முதல் 1.4% வரை இருக்கலாம். அந்த இடைவெளி ஒன்றே நேரத்தை ஏறக்குறைய மூன்று மடங்கு மாற்றிவிடும். கையேட்டின் சராசரியை விட்டுவிட்டு, கம்பியோடு வந்த சோதனைச் சான்றிதழில் உள்ள எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

அன்புடன்.