பேட்ஜ் போன பிறகு மகளைப் பள்ளிக்குக் கொண்டுபோகலாமா?

கேள்வி: இங்கிலாந்தில், லண்டனுக்கு வெளியே ஒரு நகரத்தில் 14 வருடமாக மினிகேப் (முன்பதிவில் ஓடும் வாடகைக் கார்) ஓடுகிறேன். போன வருடம் சிவப்பு விளக்கில் நிற்கும்போது போனைக் கையில் எடுத்ததற்கு 200 பவுண் தண்டமும் சாதாரண டிரைவிங் லைசென்ஸில் 6 தண்டப் புள்ளியும் வந்தன. கோர்ட்டுக்குப் போகாமலே கட்டிவிட்டேன். அதனால் கவுன்சில் தரும் மினிகேப் டிரைவர் லைசென்ஸை (பேட்ஜ்) புதுப்பிக்கும் படிவத்தில் தண்டனை 'இல்லை' என்று போட்டேன். இப்போது கவுன்சில் அதைக் கண்டுபிடித்து லைசென்ஸை ரத்துச் செய்துவிட்டது. அங்குள்ள ஓர் அதிகாரிக்கு எங்கள் ஆட்களையே பிடிக்காது. என்னைவிட மோசமானவர்கள் ஓடுகிறார்கள். வீட்டுக்கடன் இருக்கிறது. அப்பீல் போட்டால் ஓடலாம் என்கிறார் நண்பர். நான் வேலைக்கு ஓடவில்லை, மகளை மட்டும் பள்ளிக்கு அதே காரில் கொண்டுபோகிறேன். அதிகாரிமேல் வழக்குப் போடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பாகுபாடு என்றால் அதற்குத் தனிச் சட்டம், தனி வழக்கு. மேல்முறையீட்டில் மாஜிஸ்திரேட்டுகள் விஷயத்தைப் புதிதாகக் கேட்டு முடிவெடுப்பார்கள், அதிகாரியின் மனதில் என்ன இருந்தது என்பது அங்கே எடுபடாது. வீட்டுக்கடனும் அப்படியே. லைசென்ஸ் பயணிகளின் பாதுகாப்புக்கானது, ஓட்டுநரின் குடும்பநிலை பெரும்பாலும் அதில் சேராது என்று லீட்ஸ் நகர சபை எதிர் ஹுசைன் (2002) தீர்ப்பே சொல்லிவிட்டது. மற்றவர்கள் ஓடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். 14 வருடம் முறைப்பாடு இல்லாததை மட்டும் எடுத்து வையுங்கள், அது உதவும்.

உங்கள் வழக்கு போனைப் பற்றியது அல்ல. 'இல்லை' என்று போட்ட அந்தக் கட்டத்தைப் பற்றியது. இப்படிக் கோர்ட்டுக்குப் போகாமல் நிலையான தண்டத்தை ஏற்றுக் கட்டுவது சட்டத்தில் குற்றத்தீர்ப்பு ஆகாது, அந்தளவில் நீங்கள் நினைத்தது சரி. ஆனால் படிவம் என்ன கேட்டது? நீங்கள் ஒப்பமிட்ட பிரதியைக் கவுன்சிலிடமிருந்து எடுங்கள். கேள்வி 'குற்றத்தீர்ப்பு' என்பதோடு நின்றிருந்தால் வாதாட இடம் இருக்கிறது. கீழே சின்ன எழுத்தில் 'நிலையான தண்டங்கள், புள்ளிகள் உட்பட' என்று ஒரு வரி இருந்தால் அந்த இடம் போய்விட்டது. லைசென்ஸ் நிபந்தனைத் தாளையும் பாருங்கள். டாக்சி, மினிகேப் லைசென்ஸுக்கான 2020 தேசிய நியமங்கள் வாகனக் குற்றங்களை 48 மணி நேரத்துக்குள் அறிவிக்கச் சொல்கின்றன, பல கவுன்சில்கள் இந்தத் தண்டத்தையும் அதில் சேர்த்து எழுதியிருக்கும். தெரிந்தே பொய்த்தகவல் கொடுப்பது மினிகேப் லைசென்ஸுக்கான 1976 சட்டத்தின் 57ஆம் பிரிவில் தனிக் குற்றம். அதில் தண்டிக்கப்பட்டால் நேர்மையின்மைக் கணக்கில் விழும், லைசென்ஸ் தராமலிருக்க நியமங்கள் அதற்கு வைத்திருக்கும் காலம் 7 ஆண்டுகள். ஆகவே, கவுன்சில் விசாரணைக்குக் கூப்பிட்டால் தனியாகப் போய்க் கதை சொல்லாதீர்கள். அங்கே ஒன்று, கோர்ட்டில் இன்னொன்று சொன்னவர்கள் மீண்டதில்லை.

இனி நண்பரின் பேச்சு. அது பாதி உண்மை, பாதி உண்மையால்தான் ஆட்கள் விழுகிறார்கள். சாதாரண ரத்து 21 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும், அதற்குள் மேல்முறையீடு போட்டால் வழக்கு முடியும்வரை லைசென்ஸ் உயிரோடு இருக்கும். ஆனால் அறிவித்தலில் 'பொதுமக்கள் பாதுகாப்புக்காக உடனடியாக' என்றும் அதே 1976 சட்டத்தின் 61(2பி) பிரிவு என்றும் காரணத்தோடு எழுதியிருந்தால், கையில் கிடைத்த நிமிடமே லைசென்ஸ் போய்விட்டது. அப்பீல் அதை உயிர்ப்பிக்காது. கடிதத்தை எடுத்து அந்த வரியைத் தேடுங்கள்.

அந்த வரி இருந்தால் மகளை ஏற்றிப்போவதுதான் உங்கள் மிகப் பெரிய பிரச்சினை. கவுன்சிலின் வாகன லைசென்ஸ் பிளேட் ஒட்டிய கார் எந்நேரமும் மினிகேப்தான், பயணி இல்லாதபோதும், ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகும்போதும் (பென்சன் எதிர் பொய்ஸ், 1997). அதை ஓட்ட அதே கவுன்சிலின் டிரைவர் லைசென்ஸ் வேண்டும். மனைவியும் ஓட்ட முடியாது, வேறு கவுன்சிலின் பேட்ஜும் உதவாது. இன்சூரன்ஸ் பத்திரத்தைப் பாருங்கள், ஓட்டுபவர் லைசென்ஸ் உள்ளவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். அப்படியானால் பள்ளி வாசலில் மறிக்கும் பொலிஸுக்கு நீங்கள் இன்சூரன்ஸ் இல்லாத ஓட்டுநர். அதற்கு 6 முதல் 8 புள்ளி. ஏற்கெனவே இருக்கும் 6ஐக் கூட்டினால் குறைந்தது 12. மூன்று ஆண்டுக்குள் 12 சேர்ந்தால் குறைந்தது ஆறு மாதம் சாதாரண டிரைவிங் லைசென்ஸே போகும். விசேஷ கஷ்டம் காட்டினால் விலக்கு உண்டு, அதை நம்பி வண்டி எடுக்காதீர்கள். பேட்ஜ் வழக்கில் வென்றாலும் அப்போது ஓட்டுவதற்கு லைசென்ஸ் இருக்காது.

அந்த வரி இருந்தால் இன்றே காரை நிறுத்துங்கள். வாகன லைசென்ஸை எழுத்தில் ஒப்படைத்து, பிளேட்டைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பிறகு சொந்தப் பாவனைக்கு இன்சூரன்ஸை மாற்றினால்தான் அந்தக் காரைத் தொடலாம். கடனில் எடுத்த கார் என்றால் முதலில் நிதி நிறுவனத்திடம் கேளுங்கள். கேட்டால் பேட்ஜையும் கொடுத்துவிடுங்கள், கொடுக்காவிட்டால் அது வேறு குற்றம்.

மேல்முறையீட்டை 21 நாளுக்குள் போடுங்கள், அது பேரம் பேசக் கதவைத் திறந்து வைப்பதற்கு. தோற்றால் கவுன்சிலின் செலவு உங்கள் தலையில் விழும், ஆயிரக்கணக்கில் வரும். வென்றாலும் கவுன்சில் நேர்மையாக நடந்திருந்தால் உங்கள் செலவு பெரும்பாலும் திரும்பாது. படிவம் உங்கள் பக்கம் பேசவில்லையென்றால் சமரசத்துக்குப் போங்கள்: தவறை ஏற்கும் கடிதம், 14 வருடப் பதிவு, மற்றத் தண்டங்கள் இல்லை என்பதற்கு டிவிஎல்ஏ (டிரைவிங் லைசென்ஸ் வழங்கும் அரசு அமைப்பு) ஆவணம். இவற்றோடு ரத்துக்குப் பதில் எச்சரிக்கையோ குறுகிய இடைநிறுத்தமோ கேளுங்கள். கவுன்சில் சம்மதித்தால் கோர்ட்டின் ஒப்புதலோடு முடிக்கலாம். வெறுமனே வாபஸ் வாங்குவதும் மலிவல்ல: ரத்து நிலைத்துவிடும், மறுபடி லைசென்ஸ் கேட்க போன் குற்றத்துக்கு நியமங்கள் காட்டும் இடைவெளி 5 ஆண்டுகள். அது கல்லில் எழுதிய விதியல்ல, ஆனால் கவுன்சில்கள் அதிலிருந்துதான் தொடங்கும். சமரசம் முடியாதென்று தெரிந்தால், எதிர்த்தரப்பு பாரிஸ்டரை அமர்த்தும் முன், செலவு உத்தரவு இல்லாமல் விலக அனுமதி கேளுங்கள்.

இதற்கிடையில் வேறு கவுன்சிலில் போய் விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், 'முன்பு ரத்தானதா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்றே போடுங்கள். ரத்து, மறுப்பு, இடைநிறுத்தம் எல்லாம் பதியும் என்ஆர்3எஸ் தேசியப் பதிவேட்டைப் பார்க்காமல் அவர்கள் முடிவெடுக்க மாட்டார்கள்.