‘அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்’: புற்றுநோய் உளநல ஆலோசகரின் பதில்கள்

மதுரையிலிருந்து ஒரு மகன்: அப்பாவுக்கு 68 வயது, இரைப்பையில் புற்றுநோய். வயிற்றுப்புண் என்று சொல்லி வைத்திருக்கிறோம். உண்மை தெரிந்தால் உடைந்துபோவார். மறைப்பது தவறா?

உங்கள் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால், புற்றுநோய்ப் பிரிவின் வாசலில் மணிக்கணக்கில் காத்திருந்து, எதிரே தலைமுடி உதிர்ந்தவர்களைப் பார்த்து, தமக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் ஒரே மருந்து ஏறுவதைக் கவனித்த ஒருவர் இன்னும் வயிற்றுப்புண் என்றே நம்புவார் என்று நீங்கள் நினைப்பதுதான் எனக்கு வியப்பு. ஒரு பெரியவர் என் அறையில், “எனக்குத் தெரியும்கிறது பையனுக்குத் தெரிய வேண்டாம்மா” என்றார். அவருடைய மகன் அதே வேண்டுகோளோடு வெளியே நின்றிருந்தார். ஒரே வீட்டில் இருவரும் தனித்தனியே அழுதுகொண்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிடச் சொல்லவில்லை. “உடம்புக்கு என்ன என்று நினைக்கிறீர்கள் அப்பா?” என்று முதலில் கேளுங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அடுத்துக் கேளுங்கள். அந்த அளவோடு நிறுத்துங்கள்.

திருச்சி வாசகர்: நோயாளியிடம் உண்மையைச் சொல்வது மேல்நாட்டு வழக்கம். நம் குடும்பங்களுக்குப் பொருந்தாது.

அமெரிக்காவில் 1961இல் நடந்த ஆய்வில் மருத்துவர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினர். 1979இல் 97 விழுக்காட்டினர் சொல்வதையே விரும்பினர். அங்கும் பதினெட்டு ஆண்டுகளில் மாறிய வழக்கம்தான் இது. நீங்கள் சொல்வதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: “எனக்கு வேண்டாம், பையனிடம் சொல்லுங்கள்” என்று சொல்லவும் நோயாளிக்கு உரிமை உண்டு. ஆனால், அதை அவர் வாயால் சொல்ல வேண்டும். பிள்ளைகள் அவருக்காக முடிவு செய்யக் கூடாது.

சேலம்: கீமோ கொடுத்த இரண்டு நாள்கள் அம்மா தூங்குவதில்லை, எரிந்து விழுகிறார். மனம் தளர்ந்துவிட்டாரா?

வாந்தியைத் தடுக்கத் தரும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலையும் தரும். அதைக் காலையிலேயே கொடுத்துவிட முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தயவுசெய்து “தைரியமாக இருங்கள்” என்று மட்டும் சொல்லாதீர்கள்; அதைக் கேட்டபின் நோயாளி தம் பயத்தை யாரிடமும் சொல்வதில்லை.

கோவை: மார்பகப் புற்றுநோய்க்குத் தாமோக்சிஃபென் எடுக்கிறேன். மனச்சோர்வுக்கு எந்த மாத்திரை நல்லது?

மாத்திரை எழுதுவது என் வேலையன்று. மனநல மருத்துவரைப் பாருங்கள். தாமோக்சிஃபென் எடுப்பதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பராக்செடின் போன்ற சில மனச்சோர்வு மாத்திரைகள் அதன் பயனைக் குறைக்கக்கூடும்.

தஞ்சாவூர்: கவலைப்பட்டதால்தான் எனக்கு இந்த நோய் வந்தது என்கிறார்கள்.

இல்லை. அப்படிச் சொல்பவர்களைச் சற்றுத் தள்ளியே வையுங்கள்.

நெல்லை: இரவில் மனைவியைப் பார்த்துக்கொண்டே விழித்திருக்கிறேன். பேச ஆளில்லை.

14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். வாரத்தில் ஓர் இரவாவது வேறொருவரை அங்கே படுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் தூங்குங்கள்.

ஈரோடு: அம்மாவிடம் சொல்லலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கரூர்: அப்பாவிடம் சொல்லாமலே சிகிச்சையைத் தொடங்கலாமா?

மீண்டும் இதே கேள்வி வருகிறது. சுயநினைவோடு இருக்கும் அவர், எதற்கென்று தெரியாமல் ஒப்புதல் படிவத்தில் எப்படிக் கையெழுத்திடுவார்? மருத்துவர் அழைக்கும்போது அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிடாமல் உங்களோடு உள்ளே அழைத்துச் செல்லுங்கள்.