பேராசிரியர் வேலையில் மனநிறைவு உண்டா?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் தறுவாயில் இருக்கிறேன். பல்கலைக்கழக ஆசிரியர் பணி வெளியில் தெரிவதைப் போல நிம்மதியானதா? உள்ளே இருப்பவர்கள் மனநிறைவோடு இருக்கிறார்களா?

பத்தொன்பது ஆண்டுகளாக இயற்பியல் கற்பிக்கிறேன். நிறைவு உண்டா என்றால் உண்டு. நிம்மதி உண்டா என்றால் இல்லை. இரண்டும் ஒன்று என்று நம்பி வருகிறவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே வாடிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

"வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் வகுப்பு, போதாததற்கு நீண்ட விடுமுறை, அப்புறம் என்ன வேலை?" என்று என் மைத்துனர் இன்றும் கேட்கிறார். புதிய பாடமொன்றை முதன்முறையாக நடத்தும்போது ஒரு மணி நேர வகுப்புக்கு எனக்கு நான்கைந்து மணி நேரத் தயாரிப்பு தேவைப்படும். பிறகு விடைத்தாள் கட்டு. அறுபது தாள்களிலும் ஒரே பிழையைப் பார்த்தால், தவறு மாணவர்களுடையதா நம்முடையதா என்ற ஐயம் வரும். (பெரும்பாலும் நம்முடையதுதான்.) பரிந்துரைக் கடிதங்கள், பாடத்திட்டக் குழு, முகம் தெரியாதவர்களின் கட்டுரைகளை ஊதியமில்லாமல் மதிப்பாய்வு செய்வது, தர மதிப்பீட்டுக் குழு வருகிறதென்றால் ஒரே விவரத்தை மூன்று படிவங்களில் மூன்று விதமாக நிரப்புவது எல்லாம் இதற்கு மேல். ஆய்வுக்கு மிஞ்சுவது இரவும் அந்த நீண்ட விடுமுறையும்தான்.

அப்படியானால் நிறைவு எங்கிருந்து வருகிறது? பணி மனநிறைவைப் பற்றி ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1959இல் சொன்ன ஒன்று எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அவரும் உடன் பணியாற்றியவர்களும் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்கர்களையும் பேட்டி கண்டார்கள். மகிழ்ச்சி தந்தவை ஒரு வகை, வெறுப்பேற்றியவை முற்றிலும் வேறு வகை என்று தெரிந்தது. செய்து முடித்த பெருமிதம், அங்கீகாரம், வேலையின் சுவை ஆகியவை நிறைவைத் தந்தன. நிர்வாக விதிகள், மேற்பார்வை, ஊதியம், பணிச்சூழல் போன்றவை கெட்டால் எரிச்சல் வந்தது; அவை சீராக இருந்தாலும் நிறைவு வந்துவிடவில்லை. வெற்றிக்குத் தன்னையும் தோல்விக்குச் சூழலையும் காரணம் காட்டும் மனித இயல்பைத்தான் அவர் அளந்தார் என்று குறை சொல்பவர்களும் உண்டு. இருக்கலாம். ஆனால் எங்கள் துறையின் ஓய்வறையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் அவர் சொன்னது காதில் விழும். நிர்வாகத்தைத் திட்டித் தீர்த்துவிட்டு மணி அடித்ததும் உற்சாகமாக வகுப்புக்குப் போகிறவர்கள் நாங்கள்.

ஒரு நாள் காலை, நான் ஏற்கெனவே இருமுறை அனுப்பிய அறிக்கை வந்து சேரவில்லை என்று விளக்கம் கேட்டு ஒரு சுற்றறிக்கை வந்தது. அதே நாள் பிற்பகல், அலைச் சமன்பாட்டை வருவித்துக்கொண்டிருந்தபோது கடைசி வரிசை மாணவி எழுந்து, "சார், மூன்றாவது வரியில் குறி மாறவில்லையே" என்றாள். ஒன்பது ஆண்டுகளாக நான் கையில் வைத்திருந்த குறிப்பு அது. ஐந்தாவது வரியில் இன்னொரு பிழை அதைச் சரிக்கட்டியதால் விடை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் சரியாக வந்துகொண்டிருந்தது! அன்று வீட்டுக்குப் போனபோது சுற்றறிக்கையை மறந்தே போயிருந்தேன். மறுநாள் நினைவூட்டல் வந்தது.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பிற்பகலை எந்தப் படிவத்திலும் எழுத முடியாது. பதவி உயர்வுக்கு எண்கள் வேண்டும். ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த எச்-குறியீடு அவற்றில் ஒன்று. பிறர் தம் கட்டுரைகளில் குறைந்தது பத்து முறை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் உங்களுக்குப் பத்து இருந்தால் உங்கள் குறியீடு பத்து. கணக்கு எளிது, அதனாலேயே எங்கும் பரவிவிட்டது. பீட்டர் ஹிக்ஸ், தம் பெயரால் வழங்கும் துகளை முன்னறிந்த கட்டுரையை 1964இல் எழுதினார். அதற்குப் பின் அவர் வெளியிட்டவை மிகச் சொற்பம். 2013இல் நோபல் பரிசு பெற்ற சமயத்தில், இன்றைய முறையில் தமக்குக் கல்விப் பணியே கிடைத்திருக்காது என்று அவரே சொன்னார். நம்மில் யாரும் ஹிக்ஸ் இல்லை என்பது வேறு விஷயம். மெதுவாக யோசிப்பவர்களுக்கு இந்த வேலை இறுக்கமாகிக்கொண்டே வருகிறது என்பது மட்டும் உண்மை.

இதையெல்லாம்விட நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது பணி நிரந்தரமா என்பதை. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கமும் கல்லூரிகளின் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட 1940ஆம் ஆண்டு அறிக்கை, தகுதிகாண் காலம் ஏழாண்டுகளைத் தாண்டக் கூடாது என்றது. இன்று அங்கேயே கற்பிப்பவர்களில் பெரும்பான்மையோர் நிரந்தரப் பணிக்கான அந்த ஏற்பாட்டுக்கு வெளியே இருக்கிறார்கள். நானும் ஆறு ஆண்டுகள் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். வகுப்பில் கிடைத்த மகிழ்ச்சியில் குறைவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டின் கடைசி மாதமும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற கவலையிலேயே கழிந்தது. அந்த ஆறு ஆண்டுகளில் உருப்படியாக ஒரு கட்டுரைகூட எழுதவில்லை.

உங்கள் நெறியாளரிடம் வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள், பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார். சென்ற வாரத்தை அவர் எப்படிச் செலவழித்தார் என்று நாள் நாளாகக் கேளுங்கள். செவ்வாய்க்கிழமைக்கு வருவதற்குள் பெருமூச்சு விடுவார். அதற்குப் பிறகும் ஏதாவது ஒரு வகுப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேளுங்கள்.