ஆறு இலக்கத்துக்கு அப்புறம்

கேள்வி: தபால் பிரிப்பதிலும் பட்டுவாடா செய்வதிலும் அரசு புது முறை கொண்டுவந்தால் தபால் ஊழியர்கள் உடனே கொடி பிடிக்கிறார்கள். வேலை கூடிவிடும் என்ற பயம்தானே காரணம்? குரியர்காரர்கள் இத்தனை வேகமாகக் கொடுக்கிற காலத்தில் இவர்கள் மட்டும் பழைய முறையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா?
– வாசகர் ஒருவர், விழுப்புரம்

பதில்: வேலை கூடிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது, அதில் தப்பில்லை. ஆனால் அவர்கள் சொல்வதைக் கடைசி வரை கேட்டால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று வருகிறது. அது உங்கள் வீட்டுக்கு வர வேண்டிய தபாலைப் பற்றியது.

ஓடுகிற ரயிலிலேயே இரவெல்லாம் நின்று தபால் பிரித்த ஆர்.எம்.எஸ். (ரயில்வே அஞ்சல் சேவை) காலம் எப்போதோ போய்விட்டது. மிச்சமிருந்த சிறிய ஆர்.எம்.எஸ். அலுவலகங்களும் பெரிய ஊர் மையங்களோடு இணைக்கப்பட்டு வருகின்றன. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் விரைவுத் தபாலுக்குள் போய்விட்டது. இதற்கெல்லாம் மேலாக, பட்டுவாடா வேலையையே அஞ்சலகங்களிலிருந்து பிரித்து, பல அஞ்சலகங்களின் தபால்காரர்களை ஒரே இடத்தில் சேர்க்கும் தனிப் பட்டுவாடா மையங்கள் வருகின்றன. எனக்கும் கவலை தருவது இந்தக் கடைசி மாற்றம்தான்.

ஏன் என்று சொல்கிறேன். நம் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகளில் முகவரிகள் என்று இருந்த குழப்பத்தைத் தீர்க்க, ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த முறை அது. முதல் மூன்று இலக்கம் எந்த வட்டாரத்தில் பிரிக்க வேண்டும் என்று சொல்லும். கடைசி மூன்று எந்த அஞ்சலகம் என்று சொல்லும். அதோடு எண்ணின் வேலை முடிந்தது. அங்கிருந்து உங்கள் கதவு வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பது பீட், அதாவது தான் தினமும் சுற்றுகிற தெருக்கள், தெரிந்த ஆள்.

அதை ஒரு காலை நேரம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தபால்காரர் அன்றைய கட்டைப் பிரித்து, தான் நடக்கப்போகும் தெரு வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு உறையில் பெயரும் தெருவும் மட்டும். கதவு எண் இல்லை. அந்தத் தெருவில் அதே பெயரில் மூன்று பேர். அனுப்பியது யார் என்று பார்த்தார், கூட்டுறவு வங்கி. "இது மாடு வச்சிருக்கறவருக்கு" என்று உரிய இடத்தில் செருகிவிட்டார். அடுத்தது, பழைய எண் 14, புதிய எண் 31. "இவங்க வீடு மாத்தி ஆறு மாசம் ஆச்சு, பொண்ணு கடையில குடுத்துடலாம்." கை நிற்கவே இல்லை.

இந்த ஆளைத் தொலைவில் இருக்கிற மையத்துக்கு அனுப்பி, பீட்டையும் மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும்? அவர் தெரிந்துவைத்திருப்பது பழைய தெருக்களைத்தான். புதுத் தெருவில் அவரும் புது ஆள். அப்புறம், சைக்கிளில் போய்ப் பழகிய, ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒருவர் மையத்துக்கும் பீட்டுக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர் மிதிப்பார்? அந்தத் தூரத்துக்கான நேரம் அவருடைய வேலை நேரத்தில் சேருமா? இதைக் கேட்பவரைப் பார்த்து மாற்றத்துக்கு எதிரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடிதம் குறைந்துவிட்டது, பார்சல் கூடிவிட்டது என்பது உண்மை. பெரிய பார்சல்களை வண்டி வைத்து ஒரே மையத்திலிருந்து கொடுக்கட்டும், நல்லதுதான். செல்போனில் ஸ்கேன் செய்வதையும் கணக்கு ஏற்றுவதையும் சங்கங்கள் எதிர்த்தால் அவர்கள் பக்கம் நிற்க மாட்டேன். கடிதத்தையும் நடந்து கொடுக்கிற பீட்டையும் அதே மூட்டையில் கட்டுவதுதான் தவறு.

குரியரோடு ஒப்பிடுகிறீர்கள். நாட்டில் உள்ள சுமார் 1,64,000 அஞ்சலகங்களில் பத்துக்கு ஒன்பது கிராமத்தில் இருக்கின்றன. லாபம் வராத ஊருக்கு வரமாட்டேன் என்று குரியர் கம்பெனி சொல்லலாம். தபால்காரர் சொல்ல முடியாது. இது நம் ஊர்ச் சண்டை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். கனடாவில் வீட்டு வாசல் பட்டுவாடாவை நிறுத்தப்போவதாக அரசு அறிவித்ததும் 2025 செப்டம்பரில் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

தெரு தெரியாத ஆள் கையில் அந்தக் கதவு எண் இல்லாத உறை கிடைத்தால், "முகவரி போதவில்லை" என்று எழுதித் திருப்பி அனுப்புவதைத் தவிர அவருக்கு வழியில்லை. அது வங்கிக் கடிதமாக இருக்கலாம், ஒரு பையனின் நேர்முகத் தேர்வு அழைப்பாகவும் இருக்கலாம். எனவே ஒன்று கேட்கிறேன். மையம் திறந்த பகுதிகளில், திறப்பதற்கு முந்தைய ஆறு மாதத்தில் எத்தனை தபால் திரும்பிப் போனது, பிந்தைய ஆறு மாதத்தில் எத்தனை என்று துறை வெளியிடட்டும். ஊழியர்கள் சொல்வது பொய் என்றால் அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.