"எல்லாரும் இருந்த மாதிரித்தான் இருந்தம்" என்று முடித்துவிடும் அம்மாவிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: அம்மா 1991இல் கல்யாணம் முடித்து, யாழ்ப்பாணம் கம்பஸுக்குப் பக்கத்தில், திருநெல்வேலியில், ஒரு வாடகை வீட்டில் நாலு வருடம் இருந்தவர். அப்பாவுக்கு அப்போது கம்பஸில் வேலை. அந்தக் காலத்தை எழுதி வைக்க ஆசைப்படுகிறேன். "யுத்தத்துக்குள்ள எப்படியம்மா இருந்தீங்கள்?" என்று கேட்டால் "எல்லாரும் இருந்த மாதிரித்தான் இருந்தம்" என்கிறார். அதற்குமேல் பேச்சு இல்லை. என்ன செய்யலாம்? (ரொறன்ரோவிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். "யுத்தத்துக்குள்ள எப்படி" என்று கேட்டால் எங்கே தொடங்குவதென்று யாருக்கும் தெரியாது. பல வருடமாக இப்படியான நினைவுகளைப் பதிவுசெய்து வருகிறேன், நான் தொடங்குவது எப்போதும் விளக்கில்தான்.

1990 ஜூனில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பத் தொடங்கிய கையோடு யாழ் குடாநாட்டில் கரண்ட் போனது. மண்ணெண்ணெய்க்குப் பொருளாதாரத் தடை. ஒரு போத்தல் எண்ணெயை நாள்கணக்கில் இழுக்கவேண்டும் என்பதால் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, திரி போட்டுக் கொளுத்தினார்கள். இது உங்களுக்கும் தெரிந்திருக்கும், அதனால் விளக்கு எப்படிச் செய்தீர்கள் என்று கேட்காதீர்கள். அப்பாவுக்குத் திருத்த விடைத்தாள் கிடக்கிறது, அம்மாவுக்கு இரவுச் சமையல் கிடக்கிறது, இருப்பது ஒரு விளக்கு என்றால் அது எந்த அறையில் இருந்தது? இதைக் கேளுங்கள். கல்யாணமான புதிதில் ஒரு வீடு எப்படி நடந்தது, யார் சொன்னது எடுபட்டது, யார் இருட்டில் தடவித் தடவி வேலை செய்தது, எல்லாம் அந்த ஒரு பதிலில் வரும்.

அடுத்தது சவர்க்காரம். தட்டுப்பாடு கூடிய நேரத்தில் பனம்பழம் போட்டு உடுப்புத் தோய்த்த பெண்கள் இருக்கிறார்கள், அந்த வாசத்தை இன்றைக்கும் சொல்வார்கள். மாதவிடாய்த் துணி தோய்க்க என்ன செய்தார் என்பதையும், நீங்கள் மகள் என்பதால், கேட்கலாம். இதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். அப்புறம் சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்த பிளேன்ரீ, கூப்பனோடு சங்கக்கடை (கூட்டுறவுக் கடை) வரிசை, விறகு, கிணறு.

கம்பஸ் ஊர் என்பதால் வேறு சில கேள்விகளும் உண்டு. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அறை எடுத்துத் தங்கிய வெளியூர்ப் பிள்ளைகள் நிறைய, பரீட்சைகள் தள்ளித் தள்ளிப் போய்ப் படிப்பு வருடக்கணக்கில் இழுபட்டது. உங்கள் அம்மாவின் வீட்டில் எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள்? காசு வாங்கினாரா? அரச சம்பளம் யாழ்ப்பாணத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அந்தச் சம்பளத்தில் மாதத்தில் எத்தனையாம் நாள்வரை வண்டி ஓடியது என்று அவருக்குத்தான் தெரியும். நகையையும் மறக்காதீர்கள். 1990இல் புலிகள் குடும்பத்துக்கு இரண்டு பவுன் வீதம் சனத்திடம் அறவிட்டார்கள், அடுத்த வருடம் கல்யாணம் என்றால் அவருடைய சீதனத்தில் அது எப்படித் தெரிந்தது? இதற்குப் பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் கட்டாயப்படுத்தவேண்டாம். எல்லாத் தரப்பையும் பற்றிப் பேச முப்பது வருடம் கழித்தும் பலருக்குத் துணிவு வருவதில்லை, அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது.

வருடம் கேட்காதீர்கள், பிழையாகத்தான் வரும். ஆனையிறவுச் சண்டைக்கு (1991 ஜூலை) முன்னமா பிறகா, அப்போது குடாநாட்டை விட்டு வெளியே கிளாலிக் கடலேரியால் வள்ளத்தில் போய்வந்தார்களா, 1995இல் அரசும் புலிகளும் பேச்சுவார்த்தை நடத்திய அந்த மூன்று மாதத்துக்குள்ளா, நவாலித் தேவாலயத்தில் குண்டு விழுந்த பிறகா (1995 ஜூலை 9) என்று கேட்டால் சரியாகச் சொல்லுவார். பிறகு "நூலகம்" இணையத் தளத்தில் இருக்கும் அந்தக் காலப் பத்திரிகைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கடதாசித் தட்டுப்பாட்டில் கோடு போட்ட கொப்பித்தாளில்கூடப் பத்திரிகை அடித்த காலம், அந்தப் பக்கத்தை அம்மாவிடம் காட்டினாலே பாதிக் கதை வரும்.

பதிவுசெய்யும் விதம்: எதிரே கொப்பியோடு உட்கார வேண்டாம். அவர் மரக்கறி வெட்டும்போது, முதலில் சம்மதம் கேட்டுவிட்டு, போனைப் பலகைக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒரு தடவைக்கு முக்கால் மணித்தியாலம் போதும். அப்பா பக்கத்தில் இருக்கக்கூடாது, இதை நான் அழுத்திச் சொல்லுவேன். அவர் இருந்தால் திகதியைத் திருத்துவார், அம்மா நிறுத்திவிடுவார். அவரைத் தனியாக இன்னொரு நாள் கேளுங்கள். எழுதும்போது அம்மாவின் சொல்லையே வையுங்கள், போத்தல் போத்தலாகவே இருக்கட்டும், பங்கர் பங்கராகவே இருக்கட்டும். பதுங்குகுழி என்று மாற்றினால் அது அவருடைய குரல் இல்லை.

பங்கர், பொம்மர் (குண்டுபோடும் விமானம்), செத்தவர்கள் பற்றி நீங்களாக எடுக்கவேண்டாம். விளக்கையும் சவர்க்காரத்தையும் சொல்லிக்கொண்டு போகும்போது அவராகவே அங்கே வருவார், அப்போது குறுக்கே பேசாமல் இருங்கள்.

1995 ஒக்டோபர் 30 இரவைக் கடைசிக்கு வையுங்கள். இராணுவம் நெருங்கி வர, திருநெல்வேலியும் சேர்ந்த வலிகாமம் பகுதி முழுவதும் ஒரேயடியாக எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்த இரவு அது. அதற்கும் பெரிய கேள்வி வேண்டாம். வீட்டைப் பூட்டினீர்களா, திறப்பை யார் வைத்திருந்தது என்று மட்டும் கேளுங்கள்.