அம்மாவின் விரல் வீக்கத்துக்கு யாரைப் பார்ப்பது?

ஐந்து மாதமாக அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வீக்கம், காலையில் ஒரு மணி நேரம் கையை மடக்க முடியவில்லை, எலும்பு மருத்துவர் வலி மாத்திரையே தருகிறார், திருவண்ணாமலையிலிருந்து எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இது முடக்குவாதமாக (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமாக ஆர்.ஏ.) இருக்கலாம். பார்க்க வேண்டியவர் ருமட்டாலஜி மருத்துவர், அதாவது மூட்டுவாத நோய் நிபுணர். வலி மாத்திரை வலியை அடக்குமே தவிர மூட்டு அரிக்கப்படுவதைத் தடுக்காது. ஆகவே இன்னும் தள்ளிப்போடாதீர்கள். வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் இரண்டிலும் தனித்துறை உண்டு. பெயர்தான் குழப்பும்: 'கிளினிக்கல் இம்யூனாலஜி' என்று கேளுங்கள். எந்தக் கிழமை புறநோயாளிகளைப் பார்க்கிறார்கள் என்று முன்பே விசாரித்துவிடுங்கள்.

ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. ஆகிய ரத்தப் பரிசோதனைகளை எழுதித் தரும்படி உள்ளூர் மருத்துவரிடமே கேளுங்கள். ஒரு நடை மிச்சமாகும். ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்று வந்தாலும் பயணத்தைக் கைவிட வேண்டாம், நோய் இருந்தும் சிலருக்கு அப்படி வரும்.

காலையில் எழுந்ததும் கைகளைப் படம் எடுத்து வையுங்கள். என் அம்மாவை மருத்துவர் பார்த்தபோது மதியம் ஆகிவிட்டது, வீக்கம் பாதி வடிந்திருந்தது!

இந்த நோய்க்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைக் கொடுத்தால் மட்டும் கவனம்: வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கிழமையை அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.