மூடியைத் திறந்தால் பனித்தூள்: தெருமுனை ஐஸ்கிரீம் கடையை எப்படி எடைபோடுவது?

கேள்வி: கொளத்தூரில் எங்கள் தெருமுனையில் இருக்கும் ஐஸ்கிரீம் கடையில்தான் பல வருடங்களாக வாங்கிவருகிறோம். இந்தக் கோடையில் வாங்கிய கப்புகளில் மூடியைத் திறந்ததும் மேலே பனித்தூள் படிந்திருக்கிறது. வாயில் வைத்தால் நறநறவென்று இருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டால், "கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வருது அக்கா" என்கிறார். 40 ரூபாய் என்று அச்சிட்ட கப்புக்கு, கூலிங் சார்ஜ் என்று சொல்லி 45 ரூபாய் வாங்குகிறார். போன வாரம் அங்கே ஃபலூடா சாப்பிட்ட என் மகனுக்கு அன்றிரவே வயிற்றுப்போக்கு. இணையத்தில் அதே கடைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள், ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். யாரை நம்புவது? கடையை மாற்றுவதா, புகார் கொடுப்பதா?

பதில்: பனித்தூள், விலை, வயிற்றுப்போக்கு, முரண்படும் விமர்சனங்கள் என்று நான்கு விஷயங்களைக் கேட்டிருக்கிறீர்கள். இவற்றில் முதலாவதும் கடைசியும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. அந்த இடம் கடையின் ஃப்ரீசர். ஐஸ்கிரீம் கடையை எடைபோட விரும்புகிறவர் பிராண்டின் பெயரைப் பார்ப்பதைவிட ஃப்ரீசருக்குள் எட்டிப் பார்ப்பது நல்லது என்பதே பால்பொருள் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவன் என்ற முறையில் என் கருத்து.

ஐஸ்கிரீம் முழுவதுமாக உறைந்த பொருள் அன்று. பால்கொழுப்பு, காற்றுக் குமிழிகள், உறையாமல் எஞ்சும் சர்க்கரைப்பாகு, கண்ணுக்குத் தெரியாத பனித்துகள்கள் ஆகியவை சேர்ந்த கலவை அது. தொழிற்சாலையில் வேகமாகக் கடைந்து உறையவைப்பதால் துகள்கள் மிகச் சிறியவையாக உருவாகின்றன. அதனால்தான் நாக்கில் வழுவழுப்பாக இருக்கிறது. அவை ஏறக்குறைய 50 மைக்ரானை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டிப் பெரிதானால் நாக்கு அந்த நறநறப்பை உணரத் தொடங்கிவிடும். கடையில் வைத்திருக்கும் ஐஸ்கிரீம் மைனஸ் 18 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். வெப்பநிலை அதற்கு மேலே ஏறும்போது சிறிய துகள்கள் முதலில் உருகுகின்றன. மறுபடி குளிரும்போது அந்த நீர் புதிய சிறு துகள்களாக மாறாமல், ஏற்கெனவே இருக்கும் பெரிய துகள்களின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. இப்படி நாலைந்து முறை ஏறி இறங்கினால் பனிக்கட்டித் தூளைத் தின்பது போலத்தான் இருக்கும். அதன்பின் எவ்வளவு குளிரூட்டினாலும் பழைய வழுவழுப்பு திரும்பாது.

ஆகவே "கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வருது" என்ற பதில் எப்போதாவது உண்மையாக இருக்கலாம், வழக்கமாக உண்மையாக இருக்காது. அக்னி நட்சத்திர வெயிலில், நண்பகல் நேரத்தில் வேனிலிருந்து இறக்கிய அட்டைப்பெட்டிகளை நடைபாதையில் அடுக்கிவைத்துவிட்டுக் கணக்குப் பார்க்கும் கால் மணி நேரம் போதும். மின்வெட்டு இன்னொரு காரணம். மின்கட்டணத்தை மிச்சப்படுத்த இரவில் ஃப்ரீசரை அணைத்துவிடும் வழக்கமும் சில சிறிய கடைகளில் உண்டு. பெட்டி போன்ற, மேலே திறக்கும் ஃப்ரீசரில் குளிர்காற்று கனமாக இருப்பதால் மூடியைத் திறந்தாலும் அடியிலேயே தங்கும். நின்ற நிலையில் இருக்கும் கண்ணாடிக் கதவு ஃப்ரீசரிலோ ஒவ்வொரு முறை திறக்கும்போதும் குளிர்காற்று காலடியில் கொட்டிவிடும். பெட்டி ஃப்ரீசரிலும் உட்சுவரில் ஒரு கோடு போட்டிருக்கும், அதற்கு மேல் அடுக்கக் கூடாது. வார இறுதிக் கூட்டத்தை எதிர்பார்த்து மூடியை முட்டும் அளவுக்கு அடுக்கினால் மேல்வரிசை முழுக்க அரைகுறைக் குளிரில்தான் இருக்கும்.

இவற்றையெல்லாம் வாங்குகிறவர் அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். உட்சுவரில் விரல் தடிமனுக்கு மேல் பனி படிந்திருந்தால் அது வெகுநாளாகச் சுத்தம் செய்யாத, குளிரைச் சரியாகக் கடத்தாத ஃப்ரீசர். கப்பைக் கையில் எடுத்து லேசாக அழுத்திப் பாருங்கள். கல்லைப் போல இருக்க வேண்டும், பக்கவாட்டில் நெகிழக் கூடாது. குச்சி ஐஸ்கிரீமின் உறையைத் தடவிப் பார்த்தால் உள்ளே இருப்பது நேராக இருக்கிறதா, ஒரு பக்கம் வழிந்து குச்சி கோணலாக நிற்கிறதா என்பது விரலுக்கே தெரியும். கோன் என்றால் அடிநுனியைப் பாருங்கள். அங்கே காகிதம் ஊறிப் பிசுபிசுத்தால் அது ஒருமுறை உருகி மறுபடி உறைந்த சரக்கு. கப்பைத் திறந்ததும் ஐஸ்கிரீம் விளிம்பிலிருந்து விலகிக் கீழே அமுங்கியிருந்தால், உள்ளிருந்த காற்று வெளியேறிவிட்டது என்று பொருள். உங்கள் கப்புகளில் பார்த்த பனித்தூளும் இதே ரகம்தான்: உள்ளிருந்து கிளம்பிய ஈரம் மூடிக்கடியில் உறைந்து விழுந்திருக்கிறது. அதைத் தின்றதால் மட்டும் நோய் வராது, ஆனால் அந்தக் கப்பு பட்ட பாட்டை அது சொல்லிவிடும்.

ஒரே கடைக்கு ஐந்து நட்சத்திரமும் ஒற்றை நட்சத்திரமும் விழுவதன் புதிரும் இதில் பாதி அவிழ்கிறது. சரக்கு இறங்கிய மறுநாள் காலையில் வாங்கியவரும், ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு நூறு முறை திறந்து மூடிய ஃப்ரீசரின் மேல்வரிசையிலிருந்து வாங்கியவரும் ஒரே பொருளைச் சாப்பிடவில்லை. இருவருமே உண்மையைத்தான் எழுதியிருக்கலாம். ஆகவே நட்சத்திரங்களின் சராசரியை விட்டுவிட்டு, மார்ச் முதல் ஜூன் வரை எழுதப்பட்டவற்றை மட்டும் படியுங்கள். "சூப்பர்", "மோசம்" என்பவற்றைத் தாண்டி, உருகியிருந்தது, கோன் நமத்துப்போயிருந்தது, ஸ்கூப் கழுவும் தண்ணீர் கலங்கலாக இருந்தது என்று ஏதேனும் ஒன்றைக் குறிப்பாகச் சொல்பவைதான் பயன்படும். மழைக்காலத்தில் எந்தக் கடையும் நல்ல கடையாகத் தெரியும்.

உள்ளூர்த் தயாரிப்பு என்றாலே தரக்குறைவு என்று நினைக்கவும் வேண்டாம். இன்று தென்னிந்தியா முழுவதும் விற்கும் அருண் ஐஸ்கிரீம் 1970-இல் ராயபுரத்தில் சிறிய அளவில் தொடங்கப்பட்டதுதான். பெரிய பெயர் போட்ட கப்பும் கெட்ட ஃப்ரீசரில் கிடந்தால் கெட்ட கப்புதான்.

இனி ஃபலூடா. உறையவைப்பது கிருமிகளைக் கொல்வதில்லை, வளரவிடாமல் நிறுத்திவைக்கிறது, அவ்வளவுதான். லிஸ்டீரியா போன்ற சில கிருமிகள் குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் மெதுவாக வளரக்கூடியவை. கர்ப்பிணிகள் திறந்துவைத்த, உருகிய ஐஸ்கிரீமைத் தவிர்க்க வேண்டும் என்பது இதனால்தான். தொழிற்சாலையில் பாஸ்சுரைஸ் செய்து மூடி வந்த கப்பில் ஆபத்து குறைவு. ஃபலூடாவில் ஊறவைத்த சப்ஜா விதை, காலையில் வேகவைத்த சேமியா, நறுக்கிய பழம், பால், ரோஸ் சிரப், சில இடங்களில் உடைத்த ஐஸ் எல்லாம் சேர்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கையையும் ஒரு பாத்திரத்தையும் தாண்டி வருகிறது. ஸ்கூப் கரண்டியை முக்கிவைக்கும் தண்ணீர் எல்லாவற்றையும்விட மோசம். பாலும் சர்க்கரையும் கரைந்த அந்தக் குவளை, சென்னையின் வெப்பத்தில், கிருமி வளர்ப்பதற்கென்றே செய்துவைத்தது போன்றது. ஓடும் தண்ணீரில் கழுவும் கடையே நல்ல கடை. அந்த வசதி இல்லாவிட்டால் தண்ணீரை அடிக்கடி மாற்றவாவது வேண்டும். தண்ணீர் பால்வெள்ளையாகத் தெரிந்தால் அன்று மூடிய கப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஆனாலும் உங்கள் மகனின் வயிற்றுப்போக்குக்கு ஃபலூடாதான் காரணம் என்று உடனே முடிவுகட்ட இயலாது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வயிறு உப்பி, காய்ச்சல் இல்லாமல் வயிற்றுப்போக்கு வந்திருந்தால், பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காததாக இருக்கலாம். வீட்டில் ஒரு டம்ளர் பால் குடித்தாலும் அப்படி ஆகிறதா என்று கவனியுங்கள். ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி முன்னால் வந்திருந்தால், கைபட்ட உணவில் உருவான நச்சைச் சந்தேகிக்கலாம். சில கிருமிகள் வேலையைக் காட்ட ஒரு நாளுக்கு மேல்கூட எடுத்துக்கொள்ளும் என்பதால், முந்தைய நாள் சாப்பிட்டதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். கொடுங்கள், மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் மருத்துவரிடம் காட்டுவதில் தாமதம் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை கப்பின் மேல் சிறிய எழுத்தில் இருப்பது "ஐஸ்கிரீம்" என்ற சொல்லா, "ஃப்ரோஸன் டெஸெர்ட்" என்ற சொல்லா என்று பாருங்கள். மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிகளின்படி வெறுமனே ஐஸ்கிரீம் என்று விற்பதில் குறைந்தது 10 சதவீதம் பால்கொழுப்பு இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் மீடியம் ஃபேட், லோ ஃபேட் என்று குறிப்பிட வேண்டும். ஃப்ரோஸன் டெஸெர்ட்டில் தாவர எண்ணெய்க் கொழுப்பு சேர்க்கலாம். அது விஷமன்று, சட்டவிரோதமும் அன்று. பால்கொழுப்பின் விலையைக் கொடுத்து எண்ணெய்க் கொழுப்பை வாங்கிவரக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன். காற்றையும் அளந்துவிடலாம். ஐஸ்கிரீம் ஒரு லிட்டர் குறைந்தது 525 கிராம் எடை இருக்க வேண்டும், மீடியம் ஃபேட் என்றால் 475 கிராம். அதாவது 700 மி.லி. ஐஸ்கிரீம் ஃபேமிலி பேக்கில், டப்பாவின் எடையைக் கழித்தபின், சமையலறைத் தராசு ஏறத்தாழ 368 கிராமாவது காட்ட வேண்டும். மிகவும் குறைந்தால் நீங்கள் காற்றை வாங்கியிருக்கிறீர்கள்.

கூலிங் சார்ஜ் விஷயத்தில் குழப்பமே இல்லை. அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையில் எல்லா வரிகளும் அடக்கம். குளிரூட்டுவதற்கென்று அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்குவதும் விதிமீறல்தான். ஐஸ்கிரீமைக் குளிரூட்டாமல் எப்படி விற்பார் என்று அவரையே கேட்கலாம். அச்சிட்ட விலை இல்லாத ஸ்கூப்புக்குப் பலகையில் போட்ட விலையோடு ஜி.எஸ்.டி. தனியாகச் சேர்ப்பதுண்டு, ஐஸ்கிரீமுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, ரசீதில் பழைய விகிதம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையை மாற்றுவதற்கு முன் ஒருமுறை பேசிப் பாருங்கள் என்பேன். பல வருடப் பழக்கமுள்ள கடைக்காரரிடம், கூட்டமில்லாத பிற்பகலில், "அண்ணா, ராத்திரி ஃப்ரீசர் ஓடுதா? மேல்வரிசை கப்பு எல்லாம் இளகியிருக்கு" என்று பனித்தூள் படிந்த கப்பைக் காட்டியே கேளுங்கள். பல கடைகளில் அந்த ஃப்ரீசரே ஐஸ்கிரீம் நிறுவனம் கொடுத்ததாக இருக்கும். பழுது என்றால் டீலரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள அவருக்கும் வழி இருக்கிறது. நல்ல கடைக்காரர் அந்தக் கப்பை மாற்றிக் கொடுப்பார். சண்டைக்கு வருகிறவரிடம் அதற்குமேல் பேசிப் பயனில்லை.

புகார் என்று வந்தால் ரசீது கையில் இருக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் உணவுக் கடைகளின் ரசீதில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் வழங்கிய உரிமம் 124 என்றும், சிறு கடைகளுக்கான பதிவு 224 என்றும் தொடங்கும். சுகாதாரக் குறை என்றால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்குப் படம், ரசீது, கடையின் முகவரி, தேதி, நேரம் ஆகியவற்றை அனுப்பலாம். கூடுதல் விலை வேறு துறையின் பொறுப்பு: தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறை, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்யலாம். ஐந்து ரூபாய்க்காக நுகர்வோர் ஆணையம்வரை போக வேண்டியதில்லை, ஆனால் ஐந்து ரூபாய்தானே என்று விட்டுவிடவும் வேண்டாம்.

பலருக்குத் தெரியாத உரிமை ஒன்றும் இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, கட்டணம் செலுத்தினால் பொதுமக்களும் உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதனை செய்துகொள்ளலாம். கிண்டி கிங் நிலைய வளாகத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. பொருள் விதிகளுக்கு உட்படவில்லை என்று தெரிந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். ஒரு நிபந்தனை: பரிசோதனைக்கு அனுப்பப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியாக வேண்டும். போன வாரத்து ஃபலூடாவுக்கு இந்த வழி ஆகாது. அதற்கு வாட்ஸ்அப் புகார்தான், மருத்துவரிடம் போயிருந்தால் அவருடைய சீட்டையும் சேர்த்து அனுப்புங்கள்.